மூன்று காலி மண்டபங்கள்

பாப்பனங்கோடு,
திருவனந்தபுரம்.
10 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பாயிருந்த லிபிக்கு,

‘அன்பான’ என்றுதான் நம் வீட்டில் எழுதுவது. கை அந்தச் சொல்லுக்குப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டது. பொறுத்துக்கொள்.

எழுதுவது உன் மாமன் வேதமாணிக்கம். கழக்கூட்டத்து மென்பொருள் சாம்ராஜ்யத்தின் முன்னாள் டெஸ்ட் சக்கரவர்த்தி, இந்நாள் போன் எடுப்பவன். புது வேலைக்குக் கொச்சி போனதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். இந்திய அஞ்சல் துறையை பிளாக் செய்ய இதுவரை யாரும் பட்டன் வைக்கவில்லை. ஆகவே கொச்சி ஹாஸ்டல் வாசலில் காக்கிச் சட்டையில் வந்து நிற்பது தபால்காரர் அல்ல, நான்.

நீ கம்ப்யூட்டர் கோட் எழுதி, நான் டெஸ்ட் வைத்த கல்யாண வெப்சைட் விவகாரத்துக்குப் பிறகு என்னை டெஸ்ட் மேசையிலிருந்து தூக்கி, புகார் கேட்கும் போனுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் நாள் முதல் அழைப்பு ஜெயபாய் அம்மா. நெய்யாற்றின்கரைக்காரி. அவர் ‘ஹலோ’ சொன்னதில் கழக்கூட்டத்திலிருந்து கன்னியாகுமரி வரை காக்கைகள் பறந்தன.

“எனக்க மவன் அகிலு பாங்கில வேலை பாக்கியவனாக்கும். உங்க சைட்டுல அவனுக்க பக்கத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா சார்? ‘வெளிய பாக்க நல்லா இருக்கு, உள்ள காத்தே இல்ல. மழை பெஞ்சா ஒழுகும். பழச வெள்ளையடிச்சு மறைச்சிருக்காங்க.’ பொண்ணு வீட்டுக்காரங்க வாசிச்சிட்டு வேற எடம் பாத்தாச்சு. எனக்க மவன் ஒழுகுவானா சார்?”

நான் விளக்கினேன். “அம்மா, அது ஏதோ ஒரு மண்டபத்தைப் பத்தி யாரோ எழுதின குறிப்பு. எங்க கம்ப்யூட்டர்ல குறிப்புங்கது எதுமேல வேணும்னாலும் ஒட்டும். மாப்பிள்ளை மேல, மண்டபத்து மேல, சமையல்காரர் மேல. ஒட்டும்போது ரெண்டு காரியம் பாக்கணும். இது என்ன இனம், அதுல எத்தனையாம் நம்பர். உங்க மவன் நாப்பத்தொண்ணாம் மாப்பிள்ளை. ஒழுகுறது நாப்பத்தொண்ணாம் மண்டபம். கம்ப்யூட்டரு இனத்தைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்துட்டு.”

“இதப் பிடிக்க நீங்க ஒண்ணும் வைக்கல்லியா?”

“வச்சிருந்தேன். அது தூங்கிட்டு. தப்பு எனக்க தப்பாக்கும்.”

அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், பிள்ளே. போன வெள்ளிக்கிழமை போன் மணியடிக்காத ஒரு மதியத்தில், எங்கே தூங்கினேன் என்று பார்க்க அந்தப் பழைய டெஸ்டைத் திறந்தேன்.

நான் எழுதியது உனக்குத் தெரியும். ஒன்றாம் நம்பர் மாப்பிள்ளை, பெயர் திரவியம். (உன் திரவியம் சித்தப்பாவுக்கு அறுபது வயதாகியும் பெண் அமையவில்லை, என் டெஸ்டுகளில் ஆயிரம் தடவை மாப்பிள்ளை வேஷம் கட்டியிருக்கிறார்.) ஒன்றாம் நம்பர் மண்டபம். மண்டபத்தின் மேல் ஒரு குறிப்பு. திரவியத்தின் பக்கத்தைத் திறந்தால் அந்தக் குறிப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் ரிலீஸ் கிடையாது, மேலாளர் சிபி தலைகீழாக நின்றாலும் கிடையாது.

இப்போது பார்த்தால், என் மண்டபத்துக்கு முன்னால் யாரோ மூன்று காலி மண்டபங்களைக் கட்டியிருக்கிறார்கள். குறிப்பு இல்லை, முகவரி இல்லை, வெறும் பெயர். அவை ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பரைத் தின்றுவிட்டதால் என் மண்டபம் நான்காகிவிட்டது. திரவியம் மட்டும் அதே ஒன்று. நம்பரும் நம்பரும் மோதவே இல்லை. கோடில் இருந்த ஓட்டை அப்படியே இருக்க, டெஸ்ட் பச்சை காட்டிப் பல்லிளித்திருக்கிறது.

கட்டியவர் யார் என்று மாற்றங்களின் சரித்திரத்தைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மண்டபங்களின் பெயர் ராஜாத்தி, வெள்ளச்சி, குட்டிமேரி. பாறசாலையில் என் எலிசாள் அக்கா, உன்னைப் பெற்ற தாய், வளர்க்கும் மூன்று ஆடுகள். இந்தப் பெயர்களை இந்த வரிசையில் சொல்லக்கூடியவர்கள் பூலோகத்தில் மூன்றே பேர். அக்காவுக்குக் கோட் எழுதத் தெரியாது. நான் எழுதவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஏன்?

வேதமாணிக்கம்


கொச்சி
19 ஜூன் 2024

மாமா,

கடிதம் கிடைத்தது. ஹாஸ்டலில் எல்லோரும் யாருக்கு யார் தபால் போடுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் போய்விட்டது. தப்பு இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஆமாம், நான்தான்.

ரிலீஸ் அன்றைக்கு உங்கள் டெஸ்ட் சிவப்பு காட்டியது. நீங்கள் மார்த்தாண்டத்தில் சத்தியதாஸ் சித்தப்பா வீட்டில் முட்டுவலிக்கு எண்ணெய்க் கிழி ஒத்தடம் வைக்கப் போயிருந்தீர்கள். சாயங்காலத்துக்குள் ரிலீஸ் போய்விட வேண்டும் என்று சிபி சார் சொன்னார். ஒரே நம்பரில் ஒரு மாப்பிள்ளையும், குறிப்பு ஒட்டிய ஒரு மண்டபமும் வருவது நிஜத்தில் அபூர்வம், அடுத்த வாரம் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு வேலை வந்துவிட்டது. மறந்துபோனேன்.

இங்கே என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அதற்கு முன்னால் பழைய ஆபீசுக்குப் போன் செய்து கேட்பார்கள். அதனால் ஒரு உதவி. சிபி சாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், மாமா. உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம்தானே சர்வீஸ். எனக்கு இது தொடக்கம்.

முட்டு எப்படி இருக்கிறது?

லிபி


பாப்பனங்கோடு
24 ஜூன் 2024

லிபி,

முட்டு நன்றாக இருக்கிறது. மற்ற அவயவங்களுக்குத்தான் சுகமில்லை.

‘உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம்தானே.’ இந்த வரியை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் என் மரணச் செய்தி என்று நினைத்து மாலையோடு வருவார்கள், பூச்செலவு மிச்சம்.

கொச்சிக் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே ஒரு தடவை போன் செய்தார்கள், தெரியுமா? உன்னை எடுப்பதற்கு முன்னால், என்னிடம். நான் என்ன சொன்னேன்? “இந்தப் பிள்ளைக்க கோடுல தப்புக் கண்டுபிடிக்க நான் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், கண்ணாடிதான் ஒடஞ்சுது.” எதிர்முனையில் சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தார்கள். அப்போது ராஜாத்தி, வெள்ளச்சி, குட்டிமேரி மூன்றும் என் டெஸ்டுக்குள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

ரிலீஸை விடு. டெஸ்டை விடு. சிவப்பைக் கண்டு பயப்படாத மனிதன் நம் தொழிலில் பிறக்கவில்லை. எனக்கு ஆறாதது வேறு.

புகார்கள் வந்தபின் நடந்த அந்த மீட்டிங். சிபி எல்லார் முன்னாலும், “மாணிக்கம் சாரே, இது நிங்ஙளுடெ டெஸ்ட் அல்லே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “இத்ர சின்ன காரியம் பிடிக்கான் பற்றியில்லே?” என்றான். என்னால் பிடிக்க முடியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். ஒன்றும் பேசவில்லை. உன் தண்ணீர் பாட்டிலை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாய்.

அதை நான் அன்பு என்று நினைத்தேன், பிள்ளே. ரயிலில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த பாட்டிலையே நினைத்துக்கொண்டு வந்தேன். வேலை போனால் போகட்டும், பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று.

நான் சிபியிடம் சொல்ல மாட்டேன். பயப்படாதே. அதற்கு ஒரு வாய் போதும், அது எனக்கு ஆண்டவர் தாராளமாகவே கொடுத்திருக்கிறார். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது அல்ல. நீ சொன்னால் என் மேசை எனக்குத் திரும்பும். நீ சொல்லாவிட்டால், வேதமாணிக்கத்துக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்ற பெயரோடு இறங்குவேன். முடிவு உன் கையில்.

வேதமாணிக்கம்


கொச்சி
5 ஜூலை 2024

மாமா,

கடிதத்தை வாசித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

துரோகம் நான் செய்தது மட்டும்தானா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் டெஸ்ட் சர்வரில் ஒரு தகவல் டேபிளைத் தவறுதலாக அழித்தேன். டெஸ்ட் சர்வர்தான், ஒருவருக்கும் நஷ்டமில்லை. மத்தியானம் கேன்டீனில் நீங்கள் எழுந்து நின்று, “கழக்கூட்டத்தையே ஒற்றைக் கையால துடைச்ச வீராங்கனை இவளாக்கும்” என்று அறிமுகம் செய்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் கேட்கிறார், “கவர்மென்டு கம்ப்யூட்டரையெல்லாம் அழிச்சது நீதானாம்மா?” அகஸ்டின் அண்ணன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் அதுதான் பேச்சு. நீங்கள் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனில் வண்டியே நின்றதாம்.

எல்லோருக்கும் உங்களைப் பிடிக்கும். எல்லோருக்கும் நீங்கள் சொல்லும் கதை பிடிக்கும். அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் இடிபடுகிறவள் நான்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அல்லது மறந்துவிட்டீர்கள். ரிலீஸ் அன்று சிவப்பு வந்ததும் நான் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்தேன். மார்த்தாண்டத்தில் நீங்கள் எடுத்தீர்கள். ஸ்பீக்கரில். எண்ணெய்க் கையோடு இருந்தீர்கள் போலிருக்கிறது. நான் ‘மாமா’ என்றவுடனே, “வா பிள்ளே, இண்ணைக்கு எதை இடிச்சுத் தள்ளினே?” என்றீர்கள். பின்னால் ஒரு வீடே சிரித்தது. சத்தியதாஸ் சித்தப்பா குரல் கேட்டது, “பாலத்தையா, கட்டிடத்தையா?” என்று.

நான் “சும்மாதான் மாமா” என்று வைத்துவிட்டேன்.

சிபி சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்பை அவரும் பார்த்தார். “டெஸ்ட் ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யூ மோளே” என்றார். நான் மூன்று மண்டபம் கட்டினேன். பெயர் யோசிக்க நேரமில்லை. உங்களைப் போலத்தானே எனக்கும் டெஸ்டில் வீட்டுப் பெயர் வைக்கத் தெரியும்.

மீட்டிங்கில் பேசாமல் இருந்தது தப்பு. அது எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அதுவும் ஒரு கதையாகிவிடும் என்று இருந்தது. அந்த ஒழுகும் மாப்பிள்ளைக் கதையை நீங்கள் பாறசாலை முழுக்கச் சொல்வீர்கள், அதில் நடுவில் நான் இருப்பேன். அம்மா சிரிப்பாள். எனக்கு அது முடியாது, மாமா.

லிபி


பாப்பனங்கோடு
11 ஜூலை 2024

லிபி,

போன் வந்தது நினைவிருக்கிறது. சிரித்ததும் நினைவிருக்கிறது.

சிரிப்புக்கு என்மேல் வழக்குப் போடு. ஆனால் ஒன்று. “சிவப்பு மாமா, என்ன செய்ய?” என்று நீ கேட்டிருந்தால், சிரித்து முடித்துவிட்டு, எண்ணெயோடு, கட்டின துணியோடு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் போனை வைத்தாய்.

அந்த மாப்பிள்ளைக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் என் கைக்குக் கிடைத்ததிலேயே தங்கமான கதை. அக்காவிடம்கூட இல்லை. ஏன் போன் எடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள் என்று அவள் கேட்டபோது, “எனக்க குரலுக்கு மயங்கி” என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், ஜெயபாய் அம்மா வாரா வாரம் கூப்பிடுகிறார். முதல் தடவை கத்தினதோடு சரி. இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறார். பெண் வீட்டாருக்குக் கம்பெனி விளக்கக் கடிதம் கொடுத்தது. அவர்கள் வாசித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள். அகில் தன் விவரத்தையே சைட்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டான். பாங்கில் கூட வேலை செய்கிறவர்கள் மழை வந்தால் அவனிடம் குடை நீட்டுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கும் அவன் வருவதில்லையாம்.

போன வாரம் ஜெயபாய் அம்மா கேட்டார்: “யாரு சார் இதச் செஞ்சது? பேரு சொல்லுங்க, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரு முகம் தெரிஞ்சா மனசு ஆறும், கேட்டியளா.”

“நானாக்கும்” என்றேன்.

“நீங்க இல்ல. உங்க குரலைக் கேட்டாத் தெரியும்.”

பெரிய பெரிய பொய்களை அநாயாசமாகச் சொல்லித் திரிந்தவன் நான். இந்தச் சின்னப் பொய் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

வேதமாணிக்கம்


திருவனந்தபுரம் செல்லும் ரயிலில் தொடங்கி, கொச்சியில் முடித்தது
22 ஜூலை 2024

மாமா,

சிபி சாருக்கு மெயில் எழுதினேன். எல்லாவற்றையும். டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது, ஓட்டை என் கோடில் இருந்தது, மண்டபம் கட்டியது நான் என்று.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “அதெனிக்கு அறியாமல்லோ, லிபி. ஞான் பின்னிலுண்டாயிருன்னல்லோ” என்றார். பின்னால்தானே நின்றேன், எனக்குத் தெரியாதா என்கிறார். மீட்டிங்கில் அவர் உங்களைக் கேட்டபோதே அவருக்குத் தெரியும். பிறகு சொன்னார்: மாணிக்கம் சார் போனில் நன்றாகப் பேசுகிறார், புகார் சொல்ல வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வைக்கிறார்கள், அவர் அங்கேயே இருக்கட்டும், நீ இதைக் கிளறாதே, உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லபடியாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் உண்மையைச் சொன்னதற்கு எனக்குப் பரிசு கொடுக்கிறார், மாமா. உங்களுக்கு ஒன்றும் இல்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமை ரயில் ஏறினேன். உங்களைப் பார்க்க தைரியம் இல்லை. நேராக நெய்யாற்றின்கரைக்குப் போய் ஜெயபாய் அம்மா வீட்டைத் தேடிப் பிடித்தேன். அகில் உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். நான்தான் செய்தேன், எனக்குத் தெரிந்தே செய்தேன், எங்கள் மேலாளரும் தெரிந்தே விட்டார் என்று.

ஜெயபாய் அம்மா படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார்: “அப்ப அந்த மனுஷன் எதுக்கு நானாக்கும் நானாக்கும்ணு சொன்னாரு? அவரு உனக்கு யாரு?”

“மாமா” என்றேன்.

“போ” என்றார். அவ்வளவுதான்.

ரயிலில் கொச்சிக்குத் திரும்பும்போது, நீங்கள் இருந்தால் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று யோசித்தேன். ஜெயபாய் அம்மா ‘போ’ என்றதில் நெய்யாற்றில் வெள்ளம் வந்தது என்பீர்கள். சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, அது நீங்களாக இருக்க வேண்டும்போல இருந்தது.

கேன்டீனில் சொல்லுங்கள், சபையில் சொல்லுங்கள், என்னை வைத்து எவ்வளவு பெரிய கதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? பிளாக்கை எடுத்துவிட்டேன்.

லிபி


பாப்பனங்கோடு
9 ஆகஸ்ட் 2024

லிபிக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் தாமதம். நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

ஜெயபாய் அம்மா ஆபீசுக்கு வந்தார். அகிலையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முதலாளி மஹேஷ் சாரைத்தான் பார்ப்பேன் என்று வரவேற்பில் உட்கார்ந்துவிட்டார். நீ வாசலில் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னார். சிபியை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் மறுக்கவில்லை. இப்போது அவன் வேறு பிரிவில் இருக்கிறான்.

என் மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் வேலையாக உன் மூன்று மண்டபங்களையும் எடுத்தேன். டெஸ்டை ஓட்டினேன். சிவப்பு வந்தது. குறிப்பைத் தேடும்போது இனத்தையும் நம்பரையும் சேர்த்துப் பார்க்கும்படி கோட் வரியைத் திருத்தினார்கள். மறுபடி ஓட்டினேன். பச்சை.

இதில் உன் பங்கு உண்டு. நீ நெய்யாற்றின்கரைக்குப் போகாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. அதற்கு நன்றி.

பச்சை வந்த பிறகு நான் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். நீ எழுதிய மற்ற கோடுக்கெல்லாம் நான் வைத்த டெஸ்டுகளைத் திறந்து, வரி வரியாகப் பார்த்தேன். வேறு எதையும் நீ தொடவில்லை. எல்லாம் நான் வைத்தபடியே இருந்தது. ஆனால் பார்க்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் உன் பெயரைக் கண்டால் பார்க்காமல் தாண்டிப் போவேன். இனி அது முடியாது. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. பாறசாலையில் எல்லோரும் இருப்போம். உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ‘என்னை வைத்து எவ்வளவு பெரிய கதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கதை கட்ட உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. ஒருத்தரைப் பற்றி அளந்து விடுவதற்கு அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். “லிபி எப்பிடி இருக்கா, ஒனக்குக் கடுதாசி போடுதாளாமே, என்ன விசேஷம்?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பதற்குத் தயாராக முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கா” என்றேன்.

வழக்கம்போலக் கதை வரும் என்று இருந்தவள், முந்தானையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாமா